ரெண்டு கம்பம் போதும்

"ஆட்ட நாள்ல என்கூட ஒரு பய பேச வேண்டியதில்ல. பேச்சுத்துணை வேணுங்கறவன் முன்வரிசையில போய் ஆடட்டும். கோல்ல நிக்கிறவனுக்கு ரெண்டு கம்பம் போதும். சாகற வரைக்கும் எனக்கு இதுதான்."

1978ஆம் ஆண்டு மே மாதம், வில்லோமியர் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில், இருநூற்றுப் பத்துப் பேர் முன்னிலையில் ஓரெஸ்ட் கொவாலிஷின் இவ்வாறு பிரகடனம் செய்தார். பதினான்கு ஆண்டுகள் ஐஸ் ஹாக்கியையே தொழிலாக ஆடிவிட்டு ஓய்வுபெற்று வந்த கோல்கீப்பருக்கு ஊர் வைத்த விருந்து அது. கைதட்டலில் பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டுகள் குலுங்கின.

மேடையில் ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொன்னால், மற்ற ஊர்களில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுவார்கள். வில்லோமியர் மரியாதை தெரிந்த ஊர். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டது. அவரோடு பேசுவதை நிறுத்தியது.

ஆட்ட நாளில் கோல்கீப்பரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது சஸ்காச்சுவான் சமவெளியில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரிந்த நியதிதான். ஆட்டம் முடிந்ததும் நியதியும் முடிந்துவிடும். ஆடுவதை நிறுத்திய பிறகும் நியதியை நிறுத்தாதவர் ஓரெஸ்ட் ஒருவர்தான். அதற்குக் காரணங்கள் இருந்தன.

ஐந்து சகோதரர்களில் அவர் கடைசி. கடைசிப் பிள்ளைதான் கோலில் நிற்க வேண்டும், யாரும் அதற்கு ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. பண்ணைக்குப் பின்னால் உறைந்த குட்டையில் இரண்டு வேலிக்கம்பங்களை நட்டு, தபாலில் வரும் கடைப் பட்டியல் புத்தகங்களை முழங்காலுக்குக் கீழே கயிற்றால் கட்டி, ஆறு வயது ஓரெஸ்டை நடுவில் நிறுத்தினார்கள். பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு எப்போதும் குட்டையின் அந்தக் கோடியில் இருந்தது. அண்ணன்மார் நால்வரும் அங்கே இருந்தார்கள். "நீ கம்பத்தோட பேசிட்டிரு, இதோ வந்துடறோம்" என்றான் மூத்தவன். ஒரு நாள் அவர்கள் அப்படியே சாப்பிடப் போய்விட்டார்கள். போனவர்கள் தம்பியை மறந்துவிட்டார்கள். அம்மா தட்டுகளை எண்ணிப் பார்த்து ஆள் அனுப்பும்வரை, வட்டே இல்லாத குட்டையில், ஓரெஸ்ட் கோலைக் காத்துக்கொண்டு நின்றார். ஒரு கோலும் விழவில்லை. தன் வாழ்க்கையில் எதிரணிக்கு ஒரு கோல்கூட விடாத முதல் ஆட்டம் என்று பிற்காலத்தில் அதைத்தான் குறிப்பிடுவார்.

கம்பங்களோடு பேசும் பழக்கம் அன்று தொடங்கியது. தொழிலிலும் தொடர்ந்தது. பதினான்கு ஆண்டுகளில் பதினோரு ஊர்களுக்கு ஆடினார். ஒவ்வோர் ஊரிலும் முதல் வேலையாகக் கம்பங்களைத்தான் அறிமுகம் செய்துகொண்டார். இடது கம்பம் பொதுவாகச் சொன்னதைக் கேட்கும், வலது கம்பம் கொஞ்சம் பிடிவாதம் என்பது அவரது அனுபவம்.

உச்சக்கட்ட லீக்கிலும் அவர் ஒன்பது ஆட்டங்களுக்கு இருந்தார். இதை ஊர் பெருமையோடு ஊரின் நுழைவாயிலில் பலகை வைத்து அறிவித்திருக்கிறது. பலகை சொல்லாதது, அந்த ஒன்பதில் எட்டில் அவர் மாற்று கோல்கீப்பராக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்பது. மாற்று கோல்கீப்பரின் வேலை, மற்றவர்கள் பனியில் இறங்கவும் ஏறவும் பெஞ்சின் சின்னக் கதவைத் திறந்து மூடுவது. ஓரெஸ்ட் அதை மிகச் சிறப்பாகச் செய்தார் என்று நேரில் கண்டவர்கள் சொல்கிறார்கள். ஒன்பதாவது ஆட்டத்தில் இருபத்திரண்டு நிமிடம் ஆடி மூன்று கோல் விட்டார். பலகையில் முகமூடியோடுதான் அவரை வரைந்திருக்கிறார்கள், ஆகவே அது அவர் இல்லை என்று யாரும் வழக்குப் போட முடியாது.

ஊர் திரும்பியவரை பேட்ஜர்ஸ் அணிக்குக் கோச்சாகப் போட்டார்கள். பேட்ஜர்ஸ் பெரியவர்களின் அணி. விவசாயிகள், டிராக்டர் மெக்கானிக்குகள், ஒரு கணக்கு வாத்தியார், பல் பிடுங்கும் டாக்டர் ஒருவர். குளிர்காலம் முழுக்கப் புதன், வெள்ளி, சனி என்று வாரம் மூன்று ஆட்டம். ஆக வாரத்தில் மூன்று நாள் ஓரெஸ்டோடு யாரும் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை. அணிக்குச் சொல்ல வேண்டியதை வெள்ளைப் பலகையில் எழுதுவார். தபால் அலுவலகத்தில் கடிதத்தைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சனிக்கிழமைப் பாவமன்னிப்பை ஓரெஸ்டுக்கு மட்டும் ஞாயிறுக்கு மாற்றிக்கொடுத்தார் பாதிரியார். ஒரு புதன்கிழமை பல்வலி வந்தபோது, அதே அணியில் ஆடும் அந்த டாக்டர் "எந்தப் பல்?" என்று கேட்கவில்லை, ஓரெஸ்டும் சொல்லவில்லை. நல்ல பல் போயிற்று. வலித்த பல்லை வியாழக்கிழமை வந்து பேசி எடுத்துக்கொண்டார்.

காலப்போக்கில், ஆட்டத்துக்கு முந்திய நாளும் தொந்தரவு செய்வானேன் என்று சிலர் நினைத்தார்கள். பிந்திய நாள் தோல்வி மனநிலையில் இருப்பார் என்று வேறு சிலர். எஞ்சியது ஏறக்குறைய திங்கட்கிழமை. திங்கட்கிழமை யாருக்குத்தான் பேச ஒழியும்?

அவர் வெளியூர்களில் ஆடிய காலத்தையும் சேர்த்து, இந்த ஏற்பாட்டில் அவர் மனைவி லேசியா இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் குடித்தனம் நடத்தினார். பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர், தேவாலயத்தில் பாடியவர். வீட்டில் மட்டும் பனி உருகி ஏப்ரல் வந்த பிறகுதான் வாயைத் திறக்க முடியும். குளிர்காலம் பூராவும் சேர்த்துவைத்த பேச்சைக் கோடையில் பேசித் தீர்க்கப் பார்த்தார். கோடை அங்கே சின்னது.

1990 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஆட்ட நாள் மதியம் கட்டாயமாகப் போடும் தூக்கத்துக்காக, ஓரெஸ்ட் சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். லேசியா பெட்டியை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து போனார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பேட்ஜர்ஸ் அன்று மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. திரும்பி வந்த ஓரெஸ்ட், ஃப்ரிட்ஜின் மேல் காந்தத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"டார்கா வீட்டுக்குப் போறேன். இன்னிக்கு ஆட்டம்ங்கறதால உன்கிட்ட சொல்லல. முட்டைக்கோஸ் சுருள் மேல் தட்டுல இருக்கு, சூடு பண்ணிக்க. திரும்பி வர்றதா இல்ல."

டார்கா அவர்கள் மகள், மலைகளுக்கு அந்தப் பக்கம் கெலோனாவில் இருக்கிறாள். ஓரெஸ்ட் உடனே அழைத்திருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை இன்னும் முடியவில்லை. மறுநாள் சனி, அன்றும் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அழைத்தபோது லேசியாவின் கோபம் முழுக்கத் தணிந்திருந்தது. அதுதான் வினையாகிவிட்டது. கோபம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பார். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் நான்கு ஆண்டுகள், ஞாயிறுதோறும் ஆறு நிமிடம். அங்கே மழையா, இங்கே எத்தனை டிகிரி. வைத்துவிடுவார்கள். அன்றைய முட்டைக்கோஸ் சுருளுக்குச் சூடு போதவில்லை என்றுகூட அவர் சொன்னதில்லை.

1993 இலையுதிர் காலத்தில் பேட்ஜர்ஸுக்குப் புது கோல்கீப்பர் வந்தார். லியோனல் ஃபயான், முப்பத்தாறு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுநர், மூன்று குழந்தைகளின் தகப்பன். முதல் ஆட்ட நாள் காலைப் பயிற்சி முடிந்து அரங்கத்துச் சிற்றுண்டிச் சாலையில் ஓரெஸ்ட் காபியோடு தனியே உட்கார்ந்திருந்தார். லியோனல் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கோச், இந்த ஊர்ல ரொட்டி எங்க நல்லா இருக்கும்? எங்க வீட்டுக்காரி வந்ததுலேர்ந்து அதான் கேக்கறா. நேத்து வாங்கினத நாய் மோந்து பாத்துட்டு என்னையப் பாக்குது."

கவுன்டருக்குப் பின்னால் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த டோரீன் ப்ரொகோப்பின் கத்தி நின்றது. முப்பது வருடமாக அந்தச் சிற்றுண்டிச் சாலையை நடத்துபவர். இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. ஓரெஸ்ட் ஒரு தாளை எடுத்துப் பெரிதாக எழுதித் திருப்பிக் காட்டினார்: "பேசாதே."

லியோனல் அதை உரக்கப் படித்தார். "நல்ல கையெழுத்து கோச். என் கையெழுத்த நானே படிக்க முடியாது." அதிலிருந்து கையெழுத்து, கையெழுத்திலிருந்து தன் மாமனார், மாமனாரிலிருந்து முயல் பிடிப்பது எப்படி என்று முக்கால் மணி நேரம் போயிற்று.

அன்று லியோனல் நாற்பத்தோரு அடிகளைத் தடுத்தார். பேட்ஜர்ஸ் ஜெயித்தது.

இங்கேதான் சிக்கல். ஆட்ட நாளில் பேசக் கூடாது என்பது ஒரு விதி. ஜெயித்த நாளில் செய்த எதையும் மாற்றக் கூடாது என்பது அதைவிடப் பெரிய விதி. ஜெயித்த அன்று போட்ட காலுறையைத் துவைக்காமல் மார்ச் வரை போடுபவர்கள் இவர்கள். உடைமாற்றும் அறையில் ஆட்டக்காரர்கள் ஒரு மணி நேரம் தர்க்கம் செய்தார்கள். கணக்கு வாத்தியார் பலகையில் படம்கூடப் போட்டார். முடிவு: லியோனல் இனி ஒவ்வோர் ஆட்ட நாளும் அதே நாற்காலியில், கோச்சின் எதிரே, முக்கால் மணி நேரம் பேச வேண்டும். கோச் பழையபடி பேசாமல் இருக்க வேண்டும். ஓரெஸ்டுக்கு இதில் மறுப்புச் சொல்ல வழியில்லை, அன்று ஆட்ட நாள்.

முதலில் அவருக்கு அது பல்வலியாக இருந்தது. நவம்பரில் பொறுத்துக்கொண்டார். டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டில் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவர், லியோனல் பாதியில் விட்ட கதையில் அவர் மாமனார் அந்த உடைந்த கதவைக் கடைசியில் சரிசெய்தாரா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருப்பதைத் தானே கவனித்துத் திடுக்கிட்டார். வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மறுநாள் புதன். அவர் சீக்கிரமே படுத்தார், சீக்கிரம் விடியட்டும் என்று. ஜனவரி ஏழு, அவர்கள் தேவாலயத்தின் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ், அன்று ஆட்டம் இல்லை. அந்த நாளை எப்படிக் கழித்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. பனியை இரண்டு முறை வாரினார், அண்டை வீட்டு வாசலையும் சேர்த்து.

மார்ச்சில் பேட்ஜர்ஸ் இறுதித் தொடருக்குப் போனது. ஏழு ஆட்டம், பக்கத்து ஊரோடு. ஆறு முடிந்து மூன்றுக்கு மூன்று. ஏழாவது சனிக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையின் ஆறு நிமிடத்தில் லேசியா மழையைப் பற்றிச் சொல்லவில்லை.

"ஓரெஸ்ட், மக வீட்டு மாடியில எத்தன நாள் இருக்கறது. இங்க ஏரிப் பக்கம் ஒரு ஃப்ளாட் பாத்திருக்கேன். வாங்கிடலாம்னு இருக்கேன்."

"ம்."

"சனிக்கிழமை கையெழுத்து. உங்க மணிக்கு நாலு மணி. போட்டுட்டேன்னா அவ்வளவுதான், அப்பறம் நான் இந்த ஊர்க்காரி."

"சனிக்கிழமை ஆட்டம்."

"தெரியும். ஆறு நாள் இருக்கு. எதாவது சொல்லணும்னு இருந்தா அதுக்குள்ள சொல்லு. ஒண்ணும் இல்லன்னா அதுவும் சரிதான்."

திங்கட்கிழமை ஓரெஸ்ட் தொலைபேசியை எடுத்து, பாதி எண்ணைச் சுழற்றி, வைத்தார். செவ்வாய்க்கிழமை தொலைபேசியைத் துடைத்தார். அந்த வாரம் புதன், வெள்ளி ஆட்டம் இல்லை, அவராகவே தயாரிப்பு நாட்கள் என்று அறிவித்து வாயைக் கட்டிக்கொண்டார். வியாழக்கிழமை மனதைத் திடப்படுத்தி முழு எண்ணையும் சுழற்றினார். மறுமுனை வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தது. அவருக்கு ஏற்பட்ட நிம்மதி, கோச் பதவிக்கே இழுக்கு.

சனிக்கிழமை வந்துவிட்டது. காலைப் பயிற்சி முடிந்து, அதே மேசை, அதே நாற்காலி. லியோனல் தன் கடமையைச் செய்தார்.

"...பசங்க எல்லாம் கடைசி நிறுத்தத்துல இறங்கிடுவாங்க கோச். அங்கேருந்து வீட்டுக்கு நாப்பது மைல். வண்டி காலி. நான் சீட்டுங்ககிட்ட பேசிட்டு வருவேன். என் வீட்டுக்காரிக்குத் தெரியும், சிரிப்பா. ஆமா, நீங்க கம்பத்தோட பேசுவீங்களாமே? ஊரே சொல்லுது."

ஓரெஸ்ட் காபியைப் பார்த்தார்.

"பதினாலு வருஷம். பதினோரு ஊரு. அப்ப இருபத்திரண்டு கம்பம். அதுல ஒண்ணாவது, 'என்ன ஓரெஸ்ட், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு'ன்னு கேட்டுச்சா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்." லியோனல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "முக்கால் மணி ஆச்சு. தூங்கப் போறேன். நீங்களும் படுங்க கோச், கண்ணெல்லாம் குட்டை மாதிரி கெடக்கு."

ஓரெஸ்ட் வீட்டுக்குப் போய் சோபாவில் கண்ணை மூடிப் படுத்தார். மூன்று மணிக்கு எழுந்து மறுபடி அரங்கத்துக்கு நடந்தார். வீட்டிலேயே தொலைபேசி இருந்தது. ஆனால் அந்த வீட்டில், ஆட்ட நாளில், வாயைத் திறக்க அவருக்கு வரவில்லை. அரங்கத்தில் பனியைச் சமன் செய்யும் வண்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சிற்றுண்டிச் சாலையில் டோரீன் எண்ணெயைக் காயவைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

"டோரீன்," என்றார் ஓரெஸ்ட். "போன் வேணும்."

டோரீன் திரும்பிப் பார்த்தார். பதினாறு ஆண்டுகளில் ஆட்ட நாள் சனிக்கிழமை ஒன்றில் ஓரெஸ்டிடமிருந்து அவர் கேட்ட முதல் குரல். "நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"கை மரத்துப்போகுதா? எங்க வீட்டுக்காரருக்கும் கைதான் முதல்ல..."

"வெளியூருக்கு டோரீன். லேசியாவுக்கு."

டோரீன் எண்ணெய் அடுப்பை அணைத்தார். அது சத்தம் போடும். பிறகு, கேட்காமல் இருக்க வேண்டுமே என்ற அக்கறையில், தொலைபேசிக்கு மிக அருகில் இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ?"

"நான்தான்."

"ஓரெஸ்ட்? இன்னிக்கு சனிக்கிழமை."

"தெரியும்."

"யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல."

"அப்பறம்?"

ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தது 'வா' என்ற ஒரே ஒரு சொல். அது வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"அன்னிக்கு நீ பெட்டிய எடுத்துட்டுப் போறப்ப நான் தூங்கல. முழிச்சிட்டுதான் இருந்தேன். பாத்தேன்."

மறுமுனையில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழமைங்கறதால கேக்கல," என்றார்.

"தெரியும் ஓரெஸ்ட்."

"எப்படித் தெரியும்?"

"தூங்கினா நீ குறட்டை விடுவியே. ரெண்டு நிமிஷம் கதவுகிட்ட நின்னு பாத்தேன். குறட்டையே வரல."

ஓரெஸ்ட் தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். டோரீன் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார்.

"இதச் சொல்லத்தான் கூப்டியா?"

"கையெழுத்துக்கு இன்னும் நேரம் இருக்கில்ல?"

"அரை மணி இருக்கு. ஃப்ளாட் ஆபீஸ் எதிர்த் தெருவுலதான்."

"அது வரைக்கும் பேசு."

"என்ன பேசறது?"

"எதாவது. இங்க வீட்ல சத்தமே இல்ல லேசியா."

லேசியா பேச ஆரம்பித்தார். முதலில் டார்காவின் பூனையைப் பற்றி. பிறகு அங்கே தேவாலயத்தில் பாடும் ஒருத்திக்குச் சுருதியே சேராததைப் பற்றி. பிறகு 1971இல் குளிர்காலத்தில் சொல்ல நினைத்து, கோடை வருவதற்குள் மறந்துபோன ஏதோ ஒன்றைப் பற்றி. ஓரெஸ்ட் ஒரு முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆட்டக்காரர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கோச் ஆட்ட நாளில் தொலைபேசியில் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்கள். கணக்கு வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். லியோனல்கூட ஒன்றும் சொல்லவில்லை.

சுவரில் நான்கு அடித்து, நான்கு பத்தும் ஆயிற்று. லேசியா மணியைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

"ம்," என்றார் ஓரெஸ்ட். "அப்பறம்?"